பி0171 வந்தால் பார்ட்ஸ் கடைக்கு ஓடாதீங்க

பிள்ளைக்கு லைசென்ஸ் கிடைத்ததும் பல வீடுகளில் பழைய கார்தான் அவர்கள் கைக்குப் போகும். பிறகு ஒரு நாள், சிக்னலில் நின்றால் என்ஜின் உதறுது, 'செக் என்ஜின்' லைட் எரியுதுன்னு போன் வரும். ஸ்கேனரில் பி0171. உடனே யாராவது, "ஆக்ஸிஜன் சென்சாரை மாத்திடு"ன்னு சொல்வாங்க. கொஞ்சம் பொறுங்க.

அந்த கோட் சொல்வது ஒன்றுதான்: கலவை 'லீன்'. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் சுமார் 14.7 பங்கு காற்று வேணும். காற்று கூடினாலும் லீன், பெட்ரோல் குறைந்தாலும் லீன். ஆக்ஸிஜன் சென்சார் பெரும்பாலும் புகார் கொடுத்த ஆள்தான். எங்க வேலையில் சொன்னால், எரர் வந்த வரியிலேயே பக் இருக்கணும்னு இல்லை.

அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து கார்களில் ஓபிடி-2 போர்ட் உண்டு. லைவ் டேட்டா காட்டும் சாதாரண ஸ்கேனர் போதும். என்ஜின் சூடானதும் 'ஃப்யூவல் ட்ரிம்' பாருங்க. கம்ப்யூட்டர் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கிறது என்ற கணக்கு அது. ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் இரண்டையும் கூட்டினால் பூஜ்யத்தை ஒட்டி வரணும். +10-ஐத் தாண்டினால் தேட ஆரம்பிக்கலாம்.

ஐடிலில் +25, 2500 ஆர்பிஎம்மில் +5 என்று இறங்கினால், எங்கோ வெளிக்காற்று உள்ளே கசியுது. வெடித்த வேக்யூம் ஹோஸ், பிசிவி ஹோஸ், இன்டேக் கேஸ்கெட்டைப் பாருங்க. கண்ணுக்குத் தெரியலைன்னா, மெக்கானிக்கிடம் ஸ்மோக் டெஸ்ட் கேளுங்க. ஐடிலில் சரியாக இருந்து, ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது ஏறினால், ஃப்யூவல் பம்ப், ஃபில்டர், அல்லது அழுக்கேறிய மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் மேல் சந்தேகம். இது ஹைவேயில் சேரும் நேரத்தில் காரை இழுக்க விடாது, தள்ளிப் போடாதீங்க.

லைட் விட்டு விட்டு மின்னினால் கதையே வேற. எரியாத பெட்ரோல் எக்ஸாஸ்ட்டுக்குப் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுவிடும். பிள்ளையிடம் இப்பவே சொல்லி வையுங்க: மின்னினால் பத்திரமான இடத்தில் ஓரங்கட்டி, என்ஜினை அணைச்சிடு.

அடுத்த முறை பானெட்டைத் திறக்கும்போது பிள்ளையை டார்ச் பிடிக்க மட்டும் நிறுத்தாதீங்க. ஸ்கேனரை அவர்கள் கையில் கொடுத்து, இரண்டு எண்களையும் எழுதச் சொல்லுங்க. எது பழுதுன்னு அவர்களே சொல்லட்டும். பார்ட்ஸ் வாங்குவது அதுக்கப்புறம்.