கொசுக்கடியும் குருபீடமும்

சென்ற இதழில் நண்பர் ஒருவர் சாமியார்களைப் பற்றி எழுதியிருந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை அவர் சொல்வதெல்லாம் சரி என்று பட்டது. இரண்டாம் தடவை, இதைப் படித்து ஒரே ஒரு பக்தனாவது மனம் மாறுவானா என்று கேட்டுக்கொண்டேன். மாட்டான். கட்டுரை அவனுக்காக எழுதப்படவே இல்லை. ஏற்கெனவே சாமியார்களை நம்பாத நமக்காக, நம் முதுகை நாமே தட்டிக்கொள்வதற்காக எழுதப்பட்டது. ‘மூடர்கள்’ என்ற சொல் அதில் பதினோரு இடத்தில் வருகிறது. எண்ணுவது என் தொழில், மன்னிக்கவும்.

நண்பரின் வாதம் சுருக்கமாக இதுதான். ஆதாரங்களை அடுக்கினால் பீடங்கள் சரியும். சரியாவிட்டால் சட்டம் இருக்கிறது. குடும்பம் என்பதே மனிதன் சிக்கிய முதல் பீடம், ஆகவே அங்கிருந்து உதவி எதிர்பார்ப்பது அபத்தம். சிரிப்போ விஷயத்தின் தீவிரத்தைக் குறைத்துவிடும். இந்த நான்கும் தவறு என்று நினைக்கிறேன். ‘நினைக்கிறேன்’ என்பது மரியாதைக்காகச் சொன்னது.

நண்பர் அமெரிக்காவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் உதாரணம் தேடுகிறார். அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டாம். மயிலாப்பூரிலிருந்து பஸ் ஏறினால் அரை மணியில் அடையாறு. அங்கே ஆற்றங்கரையில், பெரிய ஆலமரமும் அருமையான நூல்நிலையமும் இருக்கும் தோட்டத்தில், நண்பர் சிபாரிசு செய்யும் மருந்துகள் எல்லாம் நூறு வருஷத்துக்கு முன்பே பரீட்சித்துப் பார்க்கப்பட்டுவிட்டன.

முதல் மருந்து, ஆதாரம். பிளாவட்ஸ்கி அம்மையார் தியாஸபிகல் சொஸைட்டியை 1882இல் அடையாறுக்குக் கொண்டுவந்தார். கண்ணுக்குத் தெரியாத மகாத்மாக்களிடமிருந்து அங்கே கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. 1884இல் அந்த வீட்டிலேயே வேலை பார்த்த கூலோம் தம்பதி, அதெல்லாம் பலகை நகர்த்தும் வித்தை என்று சொல்லி அம்மையாரின் கடிதங்களைக் கிறிஸ்தவக் கல்லூரிப் பத்திரிகைக்குக் கொடுத்தார்கள். லண்டனிலிருந்து ஹாட்ஜ்ஸன் என்பவர் வந்து விசாரித்து, 1885இல் மோசடி என்றே அறிக்கை எழுதினார். அம்மையார் சென்னையை விட்டுப் போனார். சொஸைட்டி போகவில்லை, வளர்ந்தது. மகாத்மாக்களுக்குச் சோதனை வரும் என்பது விசுவாசிகளுக்கு முன்பே தெரியும். சோதனை வந்தது, ஆகவே மகாத்மாக்கள் உண்டு. இந்தத் தர்க்கத்தை எந்த ஆதாரத்தால் உடைப்பது?

இரண்டாவது மருந்து, சட்டம். தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்ற நாராயணய்யா, தாயில்லாத தன் பிள்ளைகளுடன் 1909இல் அடையாறு வந்து சேர்ந்தார். கடற்கரையில் லெட்பீட்டர் அந்தப் பிள்ளைகளில் ஒருவனைப் பார்த்தார். உலக குரு இறங்கப்போகும் உடம்பு இது என்றார். கிருஷ்ணமூர்த்தி என்ற அந்தப் பையனுக்கும் அவன் தம்பி நித்யானந்தத்துக்கும் அன்னி பெஸன்ட் கார்டியன் ஆவதற்கு 1910இல் தகப்பனாரே கையெழுத்துப் போட்டார். 1911இல் பையனுக்காக நட்சத்திர சங்கம் என்று உலகளாவிய ஸ்தாபனம் ஒன்று உண்டாயிற்று. பிறகு தகப்பனாருக்குப் பயம் வந்தது. 1912இல் வழக்குப் போட்டார். அவருக்காக வாதாடியவர் ஸி. பி. ராமஸ்வாமி அய்யர். 1913இல் சென்னை ஹைகோர்ட்டில் ஜெயித்தார்; 1914இல் லண்டன் பிரிவி கௌன்ஸிலில் தோற்றார். பிள்ளைகள் அதற்குள் இங்கிலாந்தில். நாராயணய்யா 1924இல் காலமானார். தகப்பனாரின் வேதனையைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் வக்கீல் நோட்டீஸ் மூலமாக மட்டும் பேசுகிற குடும்பத்திடம் எந்தப் பிள்ளை திரும்பி வரும்?

மூன்றாவது, வெளியிலிருந்து வரும் நையாண்டி. இதையும் நம் ஊர்க்காரர் ஒருவர் செய்திருக்கிறார். சாதாரண ஆசாமி இல்லை. பாரதி 1914இல் புதுச்சேரியில் இருந்துகொண்டு, தங்க வால் நரியைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கதை எழுதி வெளியிட்டார். நரி யார் என்பதில் அன்றைக்கு யாருக்கும் சந்தேகம் இல்லை. பாரதியை நான் குறை சொல்லவில்லை. மேலும் யாரும் உள்ளே போகாமல் தடுக்க அந்தக் கதை உதவியிருக்கும். உள்ளே இருப்பவனை வெளியே கொண்டுவருவது அதன் நோக்கமும் இல்லை.

ஆதாரம் தோற்றது, சட்டம் தோற்றது, நையாண்டி வேறு வேலைக்குப் போயிற்று. ஆனால் 1929 ஆகஸ்ட் 3ஆம் தேதி, ஹாலந்தில் ஓமன் என்ற இடத்தில், மூவாயிரம் பேருக்கு மேல் கூடியிருந்த முகாமில், பெஸன்ட் அம்மையாரையும் வைத்துக்கொண்டு, அதே கிருஷ்ணமூர்த்தி சங்கத்தைக் கலைத்தார். தனக்காகக் கொடுக்கப்பட்ட மாளிகையையும் நிலத்தையும் திருப்பிக் கொடுத்தார். பீடத்திலிருந்து பக்தன் வெளியேறிய கதை எத்தனையோ உண்டு. தெய்வமே வெளியேறிய கதை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

அன்றைய பேச்சை அவர் எதில் ஆரம்பித்தார் தெரியுமா? ஒரு ஹாஸ்யக் கதையில். சைத்தானும் அவன் சிநேகிதனும் தெருவில் போகிறார்கள். முன்னால் போகிற ஒருவன் குனிந்து எதையோ பொறுக்கிக்கொள்கிறான். அது உண்மையின் ஒரு துண்டு என்கிறான் சைத்தான். அப்படியானால் உனக்கு நஷ்டமாயிற்றே என்று கேட்கிறான் சிநேகிதன். நஷ்டமே இல்லை, அதை ஸ்தாபனமாக்க அவனுக்கு நான் உதவி செய்யப் போகிறேன் என்கிறான் சைத்தான். பதினெட்டு வருஷத்து ஸ்தாபனம் ஒன்று துணுக்குக் கதையோடு மூடப்பட்டது.

இந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது? ஊட்ஹவுஸைப் படித்துச் சிரிக்கிற வழக்கம் அவருக்கு இருந்தது. கடைசிவரை சாப்பாட்டு மேஜையில் சொர்க்கவாசல் ஜோக்குகள் சொல்கிற, துப்பறியும் நாவல் படிக்கிற மனிதர். அதைவிட முக்கியம், பக்கத்தில் தம்பி இருந்தான். உலகமே காலில் விழுகிறவனை ‘அண்ணா’ என்று மட்டும் பார்க்கக்கூடிய ஒரே ஆள். அந்தத் தம்பி 1925 நவம்பரில் காசநோயில் இறந்தான். மகாத்மாக்கள் அவனைச் சாகவிடமாட்டார்கள் என்று அண்ணன் நம்பியிருந்தார். கப்பலில் இந்தியாவுக்கு வரும் வழியில் தந்தி வந்தது. அதற்கு மூன்று மாதம் முன்புதான் ஓமனில் உலக குருவின் அப்போஸ்தலர்கள் யார் யார் என்று பெயர்கள் அறிவிக்கப்பட்டிருந்தன. சில நாளிலேயே சிலர் ஞானத்தில் படிபடியாக உயர்ந்துவிட்டார்கள். எங்கள் வங்கியில் குமாஸ்தா ஆபீஸராவதற்குக்கூடப் பரீட்சை உண்டு. ஒரு பக்கம் இந்தப் பிரமோஷன் ஜாபிதா, மறு பக்கம் தம்பியின் சாவு. இரண்டையும் ஒரே மனத்தில் வைத்திருந்தவனுக்கு நம்பிக்கை முறிந்ததில் என்ன ஆச்சரியம்?

பெஸன்ட் அம்மையாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவரை அம்மா என்றே கிருஷ்ணமூர்த்தி அழைத்தார். சங்கம் கலைந்த பிறகும், 1933இல் அவர் இறக்கும்வரை, அந்த அன்பு முறியவில்லை. தன் கனவை உடைத்த பிள்ளையை அவர் துரோகி என்று சபிக்கவில்லை. பீடாதிபதியாகத் தோற்றவர் தாயாராகத் தோற்கவில்லை. இது என் நண்பரின் வாய்பாட்டில் எங்கே அடங்கும்?

இன்னொரு குடும்பமும் உண்டு. புதுடில்லியைக் கட்டிய லட்யன்ஸின் மனைவி எமிலி, வீட்டையும் பிள்ளைகளையும் மறந்து உலக குருவின் பின்னால் போனவர். கணவருக்குத் தியாஸபி பிடிக்காது. ஆனால் அவர் சிலேடை மன்னர். கடிதத்தில் கேலிப்படம் வரைந்து அனுப்புகிறவர். வீட்டுக் கதவை அவர் சாத்தவில்லை. எமிலி 1930வாக்கில் சொஸைட்டியை விட்டு விலகினார். 1957இல் அந்த வருஷங்களைப் பற்றிப் புத்தகம் எழுதினார். தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கக் கற்றுக்கொண்ட ஒருத்தியின் புத்தகம் அது.

இனி என் வீட்டுக் கதை. என் சித்தப்பா பையன், இருபத்தாறு வயது, கம்ப்யூட்டர் கம்பெனியில் நல்ல சம்பளம். தி. நகரில் ஒரு மாடியில் நடந்த தியான வகுப்புக்குப் போனான். பெயர் சொல்லப் போவதில்லை. இந்த ஊரில் அம்மாதிரி மாடிகளுக்குப் பஞ்சமில்லை. ஆறு மாதத்தில் பெயரை மாற்றிக்கொண்டான். சம்பளத்தில் பாதி அங்கே போயிற்று. பேச்சில் ‘அதிர்வு’, ‘பதிவு’ என்று இரண்டே வார்த்தை மிஞ்சியது. சித்தப்பா போலீஸுக்குப் போவேன் என்றார். சொத்து கிடையாது என்றார். நான் பி.ஏ. இங்கிலீஷ் படித்தவன், விமர்சகன். எட்டு மாதம் வாதாடினேன். பன்னிரண்டு பக்கத்துக்குக் கடிதம் எழுதினேன். அவன் பொறுமையாகப் படித்துவிட்டு, “குரு சொன்னபடியே நடக்கறது அண்ணா. புத்திசாலியான ஒரு சொந்தக்காரன் மூலமாத்தான் சோதனை வரும்னார்” என்றான். என் கட்டுரைகளுக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

மந்தைவெளியில் எங்கள் அத்தை இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் அவனைச் சாப்பிடக் கூப்பிடுவாள். வந்தால் சந்தோஷம், வராவிட்டால் அடுத்த ஞாயிறு. புதுப் பெயர் அவள் வாயில் நுழையவில்லை. பழைய செல்லப் பெயர்தான். ஒரு நாள் அவன் வத்தக்குழம்பைப் பிசைந்துகொண்டே, குரு இருபது வருஷமாகத் தூங்கியதே இல்லை என்றான். அத்தை கரண்டியை வைத்துவிட்டு, “தூங்கறதே இல்லையா? பாவம்டா. ஆத்தங்கரைப் பக்கமா இருக்கார்? கொசு பிடுங்கித் தின்னுடும். ஒரு வலை வாங்கிக் குடேன்” என்றாள். அவள் கிண்டல் செய்யவில்லை, நிஜமான கரிசனம். அவன் சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன். வேறு யாரும் எதுவும் சொல்லவில்லை. அத்தை மோர் ஊற்றினாள்.

அவன் வெளியே வர இன்னும் ஒரு வருஷம் பிடித்தது. பிற்பாடு சொன்னான்: “ஒவ்வொரு தடவை அந்த ஹால்ல ‘குரு தூங்குவதில்லை’ன்னு பாடறச்சே கொசுவலை ஞாபகம் வரும். அடக்க முடியாது. அதை அங்க ஒருத்தர்கிட்டயும் சொல்லிச் சிரிக்க முடியாதுன்னு ஒரு நாள் தோணித்து. முந்நூறு பேர் இருக்கா, ஒருத்தர்கிட்டயும் முடியாது.” பீடத்துக்கு இதைவிடச் சரியான இலக்கணத்தை நான் எங்கும் படித்ததில்லை.

ஏன் வாதம் பலிக்கவில்லை, கொசுவலை பலித்தது? கோபத்தையும் வாதத்தையும் பீடம் முன்கூட்டியே தீர்க்கதரிசனமாகச் சொல்லி வைத்திருக்கிறது. நாம் கத்தும்போது அந்தத் தீர்க்கதரிசனத்தை நிறைவேற்றிக் கொடுக்கிறோம். கொசுவலையை எந்தக் குருவும் எதிர்பார்ப்பதில்லை. சிரிக்கிறவன் ஒரு கணம் இரண்டு ஆளாக இருக்கிறான்: உள்ளே ஒருவன், வெளியே ஒருவன். அந்த இரண்டாமவனைத்தான் பீடம் சாகடிக்கப் பார்க்கிறது.

இன்னொன்று, வெட்கம். படித்தவன் ஒருவன் பீடத்தை விட்டு வருவதென்றால் இத்தனை வருஷம் ஏமாந்தேன் என்று ஒப்புக்கொண்டாக வேண்டும். நாம், பகுத்தறிவாளர்கள், வாசலில் நின்றுகொண்டு அந்த வாக்குமூலத்தை நுழைவுக் கட்டணமாகக் கேட்கிறோம். அத்தை ஒன்றும் கேட்கவில்லை. அவளைப் பொறுத்தவரை அவன் எங்கேயும் போகவே இல்லை. சாப்பிட வர நேரமாகிவிட்டது, அவ்வளவுதான். அத்தை அவனைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை. குருவுக்காகப் பரிதாபப்பட்டாள். பரிதாபப்பட்டதும் குரு மனிதராகிவிட்டார்.

குடும்பத்தைக் கோயிலாக்கவில்லை. பிள்ளையைச் சாமியாரிடம் கொண்டுபோய் விடுவதே குடும்பங்கள்தாம். நாராயணய்யா போட்ட கையெழுத்தை மறக்க வேண்டாம். அமெரிக்காவில் எழுபதுகளில் டெட் பாட்ரிக் என்பவர் பெற்றோர் சார்பில் பிள்ளைகளைத் தெருவிலிருந்து தூக்கிவந்து, அறையில் பூட்டி மனம் மாற்றினார்; கடைசியில் அவரே சிறைக்குப் போனார். பூட்டி வைக்கும் குடும்பம் இன்னொரு பீடம்தான். குழந்தைகள் மேல் கை வைக்கிற இடத்தில், சொத்தை எழுதி வாங்குகிற இடத்தில், ஹாஸ்யம் போதாது, போலீஸ்தான் வேண்டும். வங்கிக் கவுண்டரில், முதிர்வதற்கு முன்பே வைப்புத் தொகையை முறித்து ‘ஆசிரமத்துக்கு’ என்று சொல்கிறவர்களைப் பார்க்கிறேன். ஒரு அம்மாளிடம் வட்டி குறையும் என்று மட்டும் சொன்னேன். “புண்ணியத்துக்கு வட்டி உண்டு ஸார்” என்றாள். படிவத்தில் முத்திரை குத்தினேன். அவளுக்கு ஓர் அத்தை இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

கடைசியாக, நண்பருக்குப் பிடிக்காத ஒரு விஷயம். மயிலாப்பூரில் ஒரு மாடி அறையில் ஆறு வருஷம் நானும் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே இருந்தவர் சாமியார் இல்லை, இலக்கிய ஆசான். அவர் நிராகரித்த புத்தகத்தை நாங்கள் படிக்காமலே நிராகரித்தோம். விலகிப் போனவனின் கவிதை மறுநாளே மோசமாகிவிடும். அவர் பேசும் தோரணையில் இருமினோம். யாரும் சிரித்ததாக ஞாபகம் இல்லை. அவர் சிரித்த பிறகு சிரித்ததைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஒரு இரவு வீட்டுக்கு வந்து அவர் சொன்னதை மனைவியிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: “எல்லாம் சரி, இதையே நான் போன வாரம் சொன்னப்போ புலம்பாதேன்னேளே?” தோசை ஆறிப்போகும்வரை சிரித்தேன். அடுத்த வாரம் அந்த மாடிக்குப் போகவில்லை.

நண்பர் கட்டுரையில் ‘மூடர்கள்’ பதினோரு இடம் என்றேன். ‘நம் ஆசான்’ பதினான்கு இடம்.