உடைந்த கண்ணாடியின் மதிப்பு

பொன்னைப் போற்றுவார் உலகிற் பலர். புழங்குபொருளைப் போற்றுவார் சிலரே. கோயிலும் கல்வெட்டும் செப்புத் திருமேனியுமே வரலாறு என்றும், எளியோர் கையாண்ட கிண்ணமும் மணியும் குப்பை என்றும் எண்ணும் வழக்கம் நம்மிடையே வேரூன்றி நிற்கின்றது. அவ்வெண்ணம் பிழையென்பதே எம் கருத்து.

அமெரிக்க நாட்டார் செயல் இதற்குச் சான்று பகரும். முற்காலத்திற் பூவேலை அமைந்த கண்ணாடிக் கலம் செல்வர்க்கே உரியதாயிருந்தது. ஊதி உருவாக்கிய கலத்தைச் சுழலுஞ் சக்கரத்திற் பிடித்துச் செதுக்குதற்குக் கைவல்ல தொழிலாளிக்கு நெடும்பொழுது வேண்டியிருந்தமையே காரணம். 1820களில் அந்நாட்டார், உருகிய கண்ணாடியை உலோக அச்சிலிட்டு, நெம்புகோலால் இயங்கும் உலக்கையால் அழுத்தி, பூவேலையோடு கூடிய கலத்தைச் சிறுபொழுதில் எடுக்கக் கற்றனர். 1825-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சாண்ட்விச் என்னும் ஊரில் டெமிங் ஜார்வ்ஸ் என்பார் நிறுவிய ஆலை இத்தொழிலிற் பெரும்பெயர் பெற்றது. அச்சின் குளிர்ச்சியாற் கண்ணாடி மங்கியபோது, அக்குறையை மறைத்தற்குச் சரிகைப் பின்னல் போன்ற நுண்புள்ளிக் கோலங்களை வகுத்தனர். 1864-இல் வில்லியம் லெய்ட்டன் என்பார் ஈயம் சேராத கண்ணாடியைத் திருத்தமுற அமைத்த பின்னர் விலை மேலுங் குறைந்தது. செல்வர் மேசையிலிருந்த அழகு எளியோர் இல்லத்தும் புகுந்தது.

சாண்ட்விச் ஆலை 1888-இல் மூடப்பட்டது. ஆயினும் அதன் நினைவு அழியவில்லை. ஆலையிருந்த மண்ணிற் கிடைத்த உடைசில்லுகளைக் கொண்டே, இன்ன கோலம் இவ்விடத்தது என அறிஞர் தெளிந்தனர். அங்குச் செய்த கலங்களை அவ்வூர் அருங்காட்சியகத்தில் இன்றுங் காணலாம்.

நம் நிலை யாது? கடலூரினின்று சிதம்பரம் செல்லும் நெடுஞ்சாலையை அடுத்துள்ளது காரைக்காடு. 1960களில் ஆங்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது பண்டைக் கடல் வணிகத்தைக் காட்டும் மட்கலங்களும் பாசிமணிகளும் வெளிப்பட்டன. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டைப் போல இதனையும் பாசிமணி செய்த இடமென ஆய்வாளர் கருதுவர். அக்காலத்துத் தொழிலாளர், உருகிய கண்ணாடியை நீண்ட குழலாக இழுத்து, நுண்டுண்டுகளாக நறுக்கி, மீண்டுஞ் சூடேற்றி முனை மழுக்கினர். ஒரு குழலினின்று எண்ணிறந்த மணிகள் பிறந்தன. இவ்வகை மணிகள் கடல் கடந்து கீழ்த்திசை நாடுகளுக்குச் சென்றன. அழகை எளியோர்க்கும் எட்டச் செய்த கலை, சாண்ட்விச் ஊர்க்குப் பன்னூற்றாண்டு முன்பே நம் வாயிலில் விளங்கியதன்றோ!

இன்றோ அப்பகுதி சிப்காட் தொழிற்பேட்டையுள் அடங்கியுள்ளது. ஆலைகள் பலர்க்குப் பிழைப்பளிப்பன; அவற்றை யாம் பழிக்கவில்லை. ஆயின் கடைக்கால் தோண்டுமுன் நிலத்தை ஆராய்தல் பெருஞ் செலவன்று. ஒருமுறை புரட்டப்பட்ட மண்ணடுக்கு மீண்டும் தன் கதையைச் சொல்லாது.

மாணவர் செய்யத்தக்கது யாதெனின், தாமே தோண்டுதலன்று. அது தொல்லியல் துறையார் பணி. மண்மேற் கிடக்கும் மணியைச் சட்டைப்பையில் இட்டு மறத்தலும் அன்று. கிடந்த இடத்தைக் குறித்து, கடலூர் அரசு அருங்காட்சியகத்தார்க்கு அறிவித்தலேயாம். கடலூர் மாணவரும் சிதம்பரத்துப் பல்கலைக்கழக மாணவரும் அச்சாலையிற் செல்பவரே. மீந்த அப்பத் துணிக்கைகளும் வீணாகாது கூடைகளிற் சேர்க்கப்பட்ட வரலாற்றைச் சிற்றாலயத்திற் கேட்டு வளரும் நாம், முன்னோர் கைத்திறனின் துணிக்கைகளைச் சிதறவிடுதல் முறையாகாது.