கிளார்க் அக்காவின் நாற்பது பக்க நோட்டு

நம்ம பேட்ச்ல யாரோட ரெஸ்யூமேயை எடுத்தாலும் குறைஞ்சது ஆறு சர்ட்டிபிகேட் இருக்கும். என்பிடெல் ஒண்ணு, நான் முதல்வன் ஒண்ணு, ரெண்டு நாள் வொர்க்‌ஷாப்ல டீ குடிச்சதுக்கு ஒண்ணு. வேலை கிடைக்கிறதுக்கு முன்னாடியே இவ்வளவு சேர்த்துடுறோம். ஒரு ஊரோட குடிதண்ணி, தெருவிளக்கு, வீட்டுவரி, குப்பை எல்லாத்தையும் பார்க்கிறவங்ககிட்ட எத்தனை இருக்கும்?

இந்தக் கேள்வி எனக்கு வந்தது போன வருஷ என்எஸ்எஸ் கேம்ப்ல. ஏழு நாள் ஒரு கிராமத்துல தங்கினோம். ஊராட்சிச் செயலரை ஊரே ‘கிளார்க்’னுதான் கூப்பிடுது. எங்களுக்கு அவங்க கிளார்க் அக்கா. அவங்க மேசையில ஒரு நாற்பது பக்க நோட்டு. இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்துல எதை முதல்ல அழுத்தணும், பில் எந்தப் பக்கத்துல ஏத்தணும், டிஜிட்டல் கையெழுத்து எப்போ கேட்கும்னு பென்சில்ல கட்டம் கட்டமா வரைஞ்சு வச்சிருந்தாங்க. பக்கத்து ஊராட்சி கிளார்க் சொல்லிக்கொடுத்ததாம்.

“டிரெய்னிங் எதுவும் தரலையாக்கா?”

“போனேனே தம்பி. ஒரே ஹால்ல நூறு பேரு. சாப்பாடு நல்லா இருந்துச்சு.”

சிரிச்சோம். அப்புறம் அவங்களே இன்னொண்ணு சொன்னாங்க. முந்தின வருஷம் போர்வெல் மோட்டார் எரிஞ்சுபோச்சு. அந்த வேலையை வருடாந்திரத் திட்டத்துல சேர்க்காம விட்டதால பில் ஏறலை. கணக்குல காசு இருந்தும் மோட்டார் மாத்த ஆறு வாரம் ஆச்சு. அதுவரைக்கும் பொம்பளைங்க தோட்டத்து பம்ப்செட்டுக்குக் குடத்தோட நடந்தாங்க. “என் தப்புதான். அப்படிச் சேர்க்கணும்னே எனக்குத் தெரியாது”ன்னாங்க.

நான் இதை அவங்க தப்புனு நினைக்கலை. 1993-ல 73-வது திருத்தம் அமலுக்கு வந்தப்போ, ஊராட்சிகளுக்குத் தரலாம்னு 29 துறைகளைப் பட்டியல் போட்டாங்க. தமிழ்நாட்டுல பன்னிரண்டாயிரத்துக்கும் மேல கிராம ஊராட்சிகள். 2021-26 காலத்துக்கான 15-வது நிதிக்குழு மானியத்துல 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டும்தான் செலவு பண்ணணும்னு கட்டுப்பாடு இருந்துச்சு. இந்த விதியெல்லாம் புரிஞ்சு கணக்கு எழுத வேண்டிய செயலர் பதவிக்குக் கேட்கிற படிப்பு பத்தாம் வகுப்பு. அது தப்பே இல்லை. வேலைக்கு வந்த பிறகு என்ன சொல்லித்தர்றோம்ங்கிறதுதான் கேள்வி. டிஎன்பிஎஸ்சி எழுதி இளநிலை உதவியாளரா சேர்றவங்க பவானிசாகர் பயிற்சியை முடிச்சாகணும், அப்புறம் துறைத்தேர்வும் இருக்கு. ஒரு ஊரையே கையில வச்சிருக்கிறவங்களுக்கு நூறு பேர் ஹால் போதுமா?

இதைப் பேசினாலே ஹாஸ்டல்ல ஒரு பதில் ரெடியா வரும்: “முதல்ல பிரசிடென்ட் ஆகுறவனுக்குப் படிப்பு வேணும்டா.” இதை ஏற்கெனவே செஞ்சு பார்த்துட்டாங்க. ராஜஸ்தான் 2014-லயும் ஹரியானா 2015-லயும் பஞ்சாயத்துத் தேர்தல்ல நிக்கவே படிப்புத் தகுதி கொண்டுவந்தாங்க. ஹரியானா சட்டம் செல்லும்னு உச்ச நீதிமன்றமும் சொல்லிடுச்சு. ஆனா பள்ளிக்கூடம் போக முடியாமப் போனது யாரு? பெரும்பாலும் ஏழைங்க, தலித்துங்க, வயசான பொம்பளைங்க. அவங்களைத்தான் அந்த விதி வெளியே நிறுத்துச்சு. ராஜஸ்தான் 2019-ல அதை எடுத்துட்டாங்க. தலைவரைத் தேர்ந்தெடுக்கிறது ஊரோட உரிமை, அதுக்கு மார்க்‌ஷீட் கேட்கக் கூடாது. சம்பளம் வாங்கி நிர்வாகம் பண்றவங்களுக்குத் தேர்ச்சி கேட்கலாம், கேட்கணும்.

இன்னொரு காரணமும் இருக்கு. தலைவர் மாறுவாங்க, செயலர் இருப்பாங்க. 2019 டிசம்பர்ல தேர்தல் நடந்த 27 மாவட்டங்கள்ல 2025 ஜனவரியில பதவிக்காலம் முடிஞ்சு, தனி அலுவலர்கள் கைக்கு நிர்வாகம் போச்சு. அந்த மாதிரி நேரத்துல எந்தத் தெருவுல எந்த வால்வு இருக்குன்னு தெரிஞ்ச ஒரே ஆள் கிளார்க்தான்.

இங்கிலாந்துல கிராம அளவுல பாரிஷ் கவுன்சில்னு இருக்கு. அங்கேயும் இந்த வேலைக்குப் பேரு கிளார்க்தான். அவங்களுக்கு ‘சில்கா’ன்னு ஒரு சான்றிதழ். ஹால்ல உட்கார்ந்து வாங்கற சர்ட்டிபிகேட் இல்லை. தன்னோட கவுன்சிலோட நிஜமான கூட்டக் குறிப்பு, பட்ஜெட் மாதிரியான வேலைகளைத் தொகுத்துக் காட்டணும். எனக்குப் பிடிச்சது அடுத்த விஷயம். 2011 உள்ளாட்சிச் சட்டப்படி, கிளார்க் தகுதி பெற்றிருந்து, மூணுல ரெண்டு பங்கு உறுப்பினர்கள் தேர்தல்ல ஜெயிச்சு வந்திருந்தா, அந்த கவுன்சிலுக்குக் கூடுதல் அதிகாரம் கிடைக்கும். ஒவ்வொண்ணுக்கும் தனிச் சட்டப்பிரிவு தேடாம ஊருக்குத் தேவையானதைச் செய்யலாம். அதாவது கிளார்க் பாஸ் பண்ணா லாபம் ஊருக்கு.

நம்மகிட்ட இடம் இல்லாம இல்லை. மறைமலைநகர்ல மாநில ஊரக வளர்ச்சிப் பயிற்சி நிறுவனம் இருக்கு, மண்டலப் பயிற்சி மையங்களும் இருக்கு. அங்கேயே தமிழ்ல ஒரு ஆறு மாச சான்றிதழ் படிப்பு நடத்தலாம். பரீட்சை ஹால் வேண்டாம். சொந்த ஊராட்சியோட திட்டம், ஒரு வருஷக் கணக்கு, ஒரு கிராம சபைத் தீர்மானம், இதையெல்லாம் சரியா செஞ்சு காட்டினா பாஸ். பாஸ் பண்ணவங்களுக்கு ஒரு இன்கிரிமென்ட். அந்த ஊராட்சிக்கு, மேல கேட்காமலே செலவு பண்ற வரம்பு கொஞ்சம் கூடணும். ஏற்கெனவே இருக்கிற செயலர்களைப் பயமுறுத்தி வெளியே தள்ள இதைப் பயன்படுத்தினா, நான் சொன்னது அத்தனையும் வீண்.

கேம்ப் கடைசி நாள் நாங்க நாலு பேர் உட்கார்ந்து அந்த நோட்டை டைப் பண்ணி, ஸ்க்ரீன்ஷாட் சேர்த்து, பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்தோம். அக்கா அன்னைக்கே கிளார்க்குங்க வாட்ஸ்அப் குரூப்ல போட்டாங்க. மறுநாள் காலையிலயே எனக்கு நாலு போன், வேற வேற ஊராட்சியிலிருந்து: “தம்பி, இதுல வீட்டுவரி பக்கம் இல்லையே, அது எப்போ அனுப்புவீங்க?”