எல்லோருக்கும் இடமுள்ள வேலை ஸ்தலம்



இம்மாதம் உங்களுக்கு ஆலோசனை சொல்லுமுன் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சம்பந்தப்பட்ட சகோதரியின் அனுமதியோடுதான் எழுதுகிறேன். அவருடைய பெயரும், அவர் வேலை செய்த நிறுவனத்தின் பெயரும் இங்கே தேவையில்லை.

ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஹைதராபாத் வந்து, ஹைடெக் சிட்டியில் ஒரு பெரிய நிறுவனத்தில் நல்ல பதவியில் இருந்தார் அந்தச் சகோதரி. கணவருக்கும் மென்பொருள் வேலைதான். குடியிருப்போ செகந்திராபாத்தில். முதல் குழந்தை பிறந்தது. அந்நாட்களில் சட்டம் கொடுத்த மகப்பேறு விடுமுறை 12 வாரங்களே. விடுமுறை முடிந்து திரும்பியபோது, தினமும் இரவு ஏழு மணிக்கு வெளிநாட்டாரோடு தொலைபேசிக் கூட்டம். அது முடிந்து வீடு சேர ஒன்பதரை மணி ஆகிவிடும். "நான் ஐந்து மணிக்குப் புறப்பட்டு, அந்தக் கூட்டத்தில் வீட்டிலிருந்தே கலந்துகொள்ளலாமா?" என்று மேலாளரிடம் கேட்டிருக்கிறார். "உங்களுக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள்" என்பதே பதில்.

கணவனும் மனைவியுமாக என்னிடம் வந்தார்கள். நான் அந்தச் சகோதரியை நோக்கி ஒரே கேள்வி கேட்டேன்: "உங்களுக்குக் குடும்பம் முக்கியமா, வேலை முக்கியமா?" அவர் மறுபேச்சுப் பேசவில்லை. அடுத்த மாதமே ராஜினாமா செய்துவிட்டார். நல்ல ஆலோசனை சொல்லிவிட்டதாக நானும் நிம்மதியாக இருந்தேன்.

ஆறு ஆண்டுகள் சென்றன. கணவரின் வேலை போயிற்று. வீட்டுக்கடன் தவணை நின்றது. சகோதரி மறுபடியும் வேலை தேடினார். போன இடமெல்லாம், இடையில் விழுந்த ஆறு வருட வெற்றிடத்தைப் பற்றியே கேட்டார்கள். கடைசியில், முன்பு வாங்கியதைவிடக் குறைந்த சம்பளத்துக்கு, ஒரு காலத்தில் தன்னிடம் வேலை பழகியவருக்குக் கீழே போய்ச் சேர்ந்தார். அன்று என்னைச் சந்தித்தபோது கோபமில்லாமல் ஒன்று சொன்னார்: "பாஸ்டர், அன்றைக்கு அவரும் என் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தார்? கேள்வியை நீங்கள் என்னிடம் மட்டும்தான் கேட்டீர்கள்."

அந்த வார்த்தை இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை. கணவரிடம் நான் கேட்கவில்லை. அந்த மேலாளரிடமோ கேட்பாரே இல்லை. சுமை முழுவதும் தன்னிடமே வைக்கப்பட்டதால் அவர் விலகிப்போனார். அதைத் தியாகம் என்று பெயரிட்டு நாம் பாராட்டினோம்.

நம் நகரத்து மகன் ஒருவரின் பாடம்

இந்தக் காரியத்தை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு சத்யா நாதெல்லாவின் நினைவு வரும். 1967ஆம் ஆண்டு ஹைதராபாத்தில் பிறந்து, பேகம்பேட்டிலுள்ள ஹைதராபாத் பப்ளிக் ஸ்கூலில் படித்தவர். 1992இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் சேர்ந்து, 2014 பிப்ரவரியில் அதன் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். அந்நிறுவனத்தின் பெரிய மென்பொருள் மையம் 1998 முதல் இந்த நகரத்தில் இயங்கிவருகிறது. நம் வாசகர்களில் சிலர் அந்த வளாகத்துக்குள் போய் வருகிறவர்களாகவும் இருக்கலாம்.

அவருடைய மூத்த மகன் ஜெயின் 1996இல் பிறந்தபோதே மூளை முடக்குவாதத்தால் பாதிக்கப்பட்டிருந்தார். 2017இல் வெளிவந்த "ஹிட் ரெஃப்ரெஷ்" என்ற தம் நூலில் நாதெல்லா இதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். தமக்கு ஏன் இப்படி நடந்தது என்றே முதலில் அவர் கலங்கியிருக்கிறார். மனைவி அனுவோ, மகனைச் சிகிச்சைகளுக்குச் சுமந்துகொண்டு ஓடியிருக்கிறார். நடந்தது தமக்கு அல்ல, தம் மகனுக்கு என்பதும், தகப்பனாகத் தாம் செய்யவேண்டியது வேறு என்பதும் விளங்கத் தமக்குப் பல காலம் பிடித்தது என்கிறார் அவர். ஜெயின் 2022 பிப்ரவரியில் காலமானார்.

இப்படிப்பட்ட மனிதருமே ஒருமுறை தவறிப் பேசிவிட்டார் என்பதைக் கவனியுங்கள். 2014 அக்டோபரில், அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் கணினித்துறைப் பெண்கள் கூடிய மாநாட்டில் அவரிடம் ஒரு கேள்வி வந்தது. சம்பள உயர்வு கேட்கத் தயங்கும் பெண்களுக்கு என்ன ஆலோசனை சொல்வீர்கள் என்று கேட்டார்கள். கேட்காமல் இருந்தாலும் காலப்போக்கில் தகுந்த பலன் வந்து சேரும், அதுவே நல்ல கர்மம் என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். பெரிய கண்டனம் எழுந்தது. அன்றே தம் ஊழியர்களுக்குக் கடிதம் எழுதி, தாம் சொன்னது முற்றிலும் தவறு என்று ஒப்புக்கொண்டார். தகுதி இருக்கிறது என்று நினைத்தால் கேட்டுப் பெறுங்கள் என்றும் எழுதினார்.

உயர்ந்த இடத்தில் இருக்கிறவருக்குக் கீழே இருக்கிறவரின் தயக்கம் எளிதில் தெரிவதில்லை. தெரிந்தபின் திருத்திக்கொள்வதுதான் தலைமைக்கு அழகு. அவர் ஒரே நாளில் திருத்திக்கொண்டார். எனக்கு ஆறு வருடம் ஆயிற்று.

சட்டம் தருவது என்ன?

நம்மில் பலருக்குத் தங்கள் உரிமை இன்னதென்றே தெரியாது. ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். 2017 ஏப்ரல் முதல், முதல் இரண்டு பிள்ளைகளுக்கு மகப்பேறு விடுமுறை 26 வாரங்களாக உயர்த்தப்பட்டது. ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் பணிபுரியும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பக வசதி இருக்கவேண்டும். தாய் ஒரு நாளில் நான்கு முறை அங்கே போய்த் தன் குழந்தையைப் பார்த்து வரலாம். வேலையின் தன்மை இடங்கொடுத்தால், விடுமுறைக்குப் பின் இரு தரப்பும் பேசி, வீட்டிலிருந்தே வேலை செய்ய ஏற்பாடு செய்துகொள்ளலாம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் இவற்றைத் தொடர்கிறது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் இயற்றப்பட்டது. முன்பு 7 வகைக் குறைபாடுகளே சட்டத்தின் பார்வையில் இருந்தன. இதில் அவை 21 ஆயின. எல்லோருக்கும் சம வாய்ப்பு அளிப்பதற்கான கொள்கையைத் தனியார் நிறுவனங்களும் எழுதி வெளியிடவேண்டும் என்கிறது இச்சட்டம். பத்து அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வேலை செய்யும் இடங்களில் பாலியல் தொல்லை குறித்த புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்கவேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம். உங்கள் அலுவலகத்தில் அக்குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியுமா? தெரியாவிட்டால் இந்த வாரமே விசாரித்து அறிந்துகொள்ளுங்கள். நமக்குத் தேவைப்படாவிட்டாலும், பக்கத்து இருக்கையில் இருக்கும் ஒரு பெண்பிள்ளைக்குத் தேவைப்படலாம்.

ஆனால் சட்டம் வாசல்வரைதான் கொண்டுவந்து விடும். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஊரடங்கு வந்தபோது என்ன நடந்தது? முடியவே முடியாது என்று சொல்லப்பட்ட வீட்டு வேலை, சில நாட்களுக்குள் சாத்தியமாயிற்று. அந்தச் சகோதரி கேட்ட சலுகை நகரம் முழுவதற்கும் ஒரே வீச்சில் கிடைத்தது. பின்பு காற்று மாறியது. அமேசான் நிறுவனம் 2025 ஜனவரி முதல் வாரத்துக்கு ஐந்து நாளும் அலுவலகம் வரவேண்டும் என்றது. மைக்ரோசாஃப்ட் நிறுவனமோ வாரம் மூன்று நாள் என்ற முறையைத் தன் தலைமையகப் பகுதியிலிருந்து படிப்படியாகக் கொண்டுவரப்போவதாக 2025 செப்டம்பரில் அறிவித்தது. மேலிடத்தின் கொள்கை இப்படி மாறிக்கொண்டேதான் இருக்கும். உங்களுக்குக் கீழே பணிபுரியும் எட்டுப் பேருக்கோ பத்துப் பேருக்கோ, நிறுவனம் என்பது நீங்கள்தான். நீங்கள் முகம் கொடுத்துப் பேசினால் நிறுவனம் நல்லது. முகத்தைத் திருப்பிக்கொண்டால் கொள்கை ஏடுகளில் எவ்வளவு எழுதியிருந்தும் பயனில்லை.

மேலாளராயிருக்கும் வாசகர்களுக்கு

இருபது வருடங்களுக்கு முன் ஒரு பெட்டியோடு செகந்திராபாத் ரயில் நிலையத்தில் வந்து இறங்கிய நம் பிள்ளைகள் பலர் இன்று மேலாளர்கள். அவர்களிடம் சில வார்த்தைகள்.

"ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள்" என்று சொல்லாதிருங்கள். கேட்கட்டுமே. கேட்டால்தானே யாருக்கு என்ன தேவை என்று தெரியும்? ஒருவருக்குக் கைக்குழந்தை, இன்னொருவருக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் செய்யவேண்டிய தகப்பனார், வேறொருவருக்குக் காது கேளாமை. எல்லோருக்கும் ஒரே அளவில் சட்டை தைத்துக் கொடுப்பது நியாயமாகாது.

சலுகை பெற்றவரின் சுமையைச் சத்தமில்லாமல் இன்னொருவர் தலையில் ஏற்றிவிடாதிருங்கள். மாதாப்பூரிலும் அமீர்பேட்டையிலும் விடுதிகளில் தங்கியிருக்கும் நம் வாலிபப் பிள்ளைகள் என்னிடம் வருத்தப்பட்டுச் சொல்லியிருக்கிறார்கள்: "உனக்கென்ன, கல்யாணமா குடும்பமா என்று சொல்லி, இரவு வேலையை எல்லாம் எங்களிடமே தள்ளுகிறார்கள்." தனியாக இருக்கிற பிள்ளைக்கும் தூக்கம் வேண்டும், ஊரில் இருக்கிற தாயிடம் பேச நேரம் வேண்டும். சுமையைப் பகிர்வதானால் முறை வைத்து, எல்லோரும் அறியப் பகிருங்கள்.

அனுமதி கொடுத்துவிட்டு, வருடக் கடைசி மதிப்பீட்டில் அதையே குறையாக எழுதாதிருங்கள். முடித்துக் கொடுத்த வேலையை அளந்து பாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்த மணிகளை எண்ணாதிருங்கள். நீங்கள் ஆண் மகனாயிருந்தால், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒருநாள் நீங்களே முன்வந்து விடுமுறை எடுங்கள். அதைப் பார்த்த பிறகுதான் உங்கள் கீழே இருக்கும் ஆண்களுக்கும் அந்தத் துணிவு வரும். ஆண்கள் எடுக்காதவரை அது பெண்களின் குறைபாடாகவே எண்ணப்படும்.

இன்னும் ஒரு கூட்டத்தாரை மறந்துவிடக்கூடாது. அதே வளாகத்தில் தரை துடைப்பவர், காவல் நிற்பவர், உணவுக்கூடத்தில் தட்டுக் கழுவுபவர் ஆகியோர் பெரும்பாலும் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். நிறுவனத்தின் சலுகைப் பட்டியலில் அவர்கள் பெயர் இருக்காது. 2018இல் மைக்ரோசாஃப்ட், அமெரிக்காவில் தனக்குச் சேவை வழங்கும் பெரிய ஒப்பந்த நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்குப் பிள்ளைப்பேற்றுக்காக 12 வாரச் சம்பள விடுமுறை கொடுக்கவேண்டும் என்று நிபந்தனை வைத்தது. பெரிய நிறுவனம் மனம் வைத்தால் மதிலுக்கு வெளியேயும் நன்மை போய்ச்சேரும் என்பதற்கு அது சாட்சி. உங்கள் தளத்தைத் துடைக்கும் அம்மாளுக்கு உட்கார ஒரு நாற்காலியும், பயன்படுத்த ஒரு கழிப்பறையும் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு யாருடைய கையெழுத்தும் தேவையில்லை.

வீட்டிலும் சபையிலும்

கணவன்மார்களே, வேலை ஸ்தலத்தில் மனைவிக்கு இடங்கொடுக்கவேண்டும் என்று விரும்புகிற நாம், வீட்டில் அவருக்கு இடங்கொடுத்திருக்கிறோமா? மடிக்கணினியோடு சமையலறை மேடையருகே நின்று கூட்டத்தில் பேசுகிற மனைவிக்கு ஒரு மேஜையையும் கதவுள்ள ஓர் அறையையும் கொடுத்துப் பாருங்கள். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று பள்ளியிலிருந்து அழைக்க வேண்டிய முதல் எண்ணாக உங்கள் எண்ணைக் கொடுங்கள்.

சபையைக் குறித்தும் சொல்லவேண்டும். பெரிய நிறுவனங்களில் சாய்தளம் உண்டா, மின்தூக்கி உண்டா என்று கேட்கிறோம். நம் ஆராதனை மண்டபத்துக்கு ஏற 11 படிகள். சக்கர நாற்காலியில் வரும் ஒரு தாயாரை இத்தனை வருடமும் நான்கு வாலிபர்கள் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். அதை நாம் அன்பு என்று எண்ணினோம். "தம்பிமாரே, ஒவ்வொரு வாரமும் உங்களுக்குச் சிரமம்" என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தது என் காதில் சரியாக விழவில்லை. இவ்வருடம் சாய்தளம் கட்டுவதென்று மூப்பர்கள் தீர்மானித்திருக்கிறார்கள். தாமதமாயிற்று, ஆனாலும் நடக்கும்.

முடிவாக ஒன்று. ஆதியாகமம் 33ஆம் அதிகாரத்தில், ஏசா தன் நானூறு பேரோடு வந்து, சேர்ந்தே பயணம் போகலாம் என்று அழைக்கிறான். யாக்கோபு ஒப்புக்கொள்ளவில்லை. பிள்ளைகள் சிறியவர்கள், கறவை ஆடுமாடுகள் உடன் இருக்கின்றன, ஒரே நாள் முடுக்கி ஓட்டினாலும் மந்தை தாங்காது என்று சொல்லி மெதுவாகவே நடக்கிறான். அவனும் பெரிய சொத்தை நடத்திச் சென்ற மேலாளன்தான். வேகமாக நடப்பவனின் காலை வைத்து அவன் பயணத்தைக் கணக்கிடவில்லை. அவன் வழியில் எவரையும் இழக்காமல் போய்ச்சேர்ந்தான்.

திங்கட்கிழமை அலுவலகம் போனவுடன், உங்கள் கீழே இருப்பவர்களில் ஒருவரிடமாவது, "உங்களுக்கு எந்த நேரம் சிரமமாயிருக்கிறது?" என்று கேளுங்கள். அவர் வந்து கேட்கும்வரை காத்திராதேயுங்கள். அன்று ஒருவர் அப்படிக் கேட்டிருந்தால், ஒரு சகோதரியின் ஆறு ஆண்டுகள் வீணாகியிருக்காது.

கர்த்தர் உங்கள் கைகளின் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக. அடுத்த மாதம் சந்திப்போம்.