'சிந்துதரங்கம்': கடலும் பெயரற்ற துயரமும்

கொல்கத்தாவில் ஹூக்ளிக் கரையிலுள்ள சோட்டேலால் படித்துறையில் ஒரு நினைவுக்கல் உள்ளது. 1887 மே 25 புயலில் 'சர் ஜான் லாரன்ஸ்' என்னும் கப்பலோடு மூழ்கிய யாத்திரிகர்களுக்காக ஆங்கிலேயப் பெண்கள் சிலர் பதித்த கல் அது. இறந்தவர்களுள் பெரும்பாலோர் பெண்கள் என்று அது கூறுகிறது. அவர்களுள் ஒருவர் பெயரும் அதில் இல்லை.

பூரிக்கு ரயில் எட்டாத காலம் அது. ஜகந்நாதரைத் தரிசிக்கப் புறப்பட்ட நூற்றுக்கணக்கானோர் கரை சேரவில்லை. அவ்விபத்தை ஒட்டி 26 வயது இரவீந்திரநாத் தாகூர் எழுதிய கவிதையே 'சிந்துதரங்கம்', அதாவது கடலலை. 1890இல் வெளிவந்த 'மானசி' தொகுப்பில் அது இடம்பெற்றது. பூரி யாத்திரைக் கப்பல் மூழ்கியதை ஒட்டியது என்னும் குறிப்பு தலைப்பின் கீழேயே உண்டு.

அக்காலத் தாகூர் கவிதைகளில் துயரம் தென்பட்டால், 1884இல் மறைந்த அவருடைய அண்ணி காதம்பரி தேவியைத் தேடுவது ஒரு வாசிப்பு மரபாகவே நிலைத்துவிட்டது. இக்கவிதைக்கு அவ்வழி பொருந்தாது. கடலைக் கவிஞரது உள்ளத்தின் உவமையாகக் கொண்டால், கப்பலில் இருந்தவர்கள் கவிதையிலிருந்தும் மறைந்துபோவர்.

தமிழ் வாசகருக்கு மற்றொரு பழக்கமும் உண்டு. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். குறுந்தொகை 163இல் அம்மூவனாரின் தலைவி, நள்ளிரவிலும் ஓயாது ஒலிக்கும் கடலை நோக்கி, உன்னை வருத்தியவர் யார் என வினவுகிறாள். தன் துயரை அவள் நேரே சொல்வதில்லை. கடலின் துயராகவே அது வெளிப்படுகிறது. அங்கே கடல் துணை.

தாகூரின் கடல் அத்தகையதன்று. அது மனமற்ற சடத்தின் பொருளற்ற கூத்து. எவர் துயரையும் அது ஏற்பதில்லை. அந்த அழிவின் நடுவே ஒரு தாய் தன் குழந்தையை மார்போடு அணைத்துக்கொள்கிறாள். உணர்வற்ற உலகில் இந்த அன்பு எங்கிருந்து வந்தது என்று கவிதை கேட்கிறது. தயையும் தயையின்மையும் அருகருகே இருப்பதைக் கண்டு திகைக்கிறது. இறுதிவரை விடை கூறாமல் வினாவாகவே முடிகிறது.

விபத்தை முன்னிறுத்தினால் கவிதை செய்திக்குறிப்பாகச் சுருங்கிவிடும் என்று சிலர் அஞ்சலாம். அவ்வச்சம் வேண்டியதில்லை. மெய்யாகவே மனிதர் மூழ்கியதனால்தான் அவ்வினாவுக்குக் கனம் ஏற்படுகிறது. கவிதையில் மறைந்திருப்பது கவிஞரின் அந்தரங்கத் துயரம் அன்று. கல்லிலும் பெயர் பெறாத அப்பெண்களின் துயரம். அந்தத் தாய்க்கும் பெயர் இல்லை. ஆயினும் குழந்தையை விடாத அவள் கைகளைக் கவிதை காத்து வைத்திருக்கிறது.

ஆகவே 'சிந்துதரங்க'த்தைக் கற்பிப்போரும் மொழிபெயர்ப்போரும் தலைப்பின் கீழுள்ள அந்த ஒற்றை வரியை விட்டுவிடலாகாது.