கால் மைல் பந்தயம்

காய்கறிக் கடைக்குப் போகிற வண்டியையே பந்தயத்துக்கும் ஓட்டிக்கொண்டு போவார்களா என்று கேட்டால், உங்களுக்குச் சிரிப்பு வரும். அமெரிக்காவில் போகிறார்கள்! மத்தியானம் வரையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்து வந்து, மூட்டை மூட்டையாக மளிகைச் சாமான் சுமந்து, வீட்டு நாய்க்கும் ஜன்னலோரம் இடம் கொடுத்த அதே வண்டி, சாயங்காலம் ஆனதும் ஊருக்கு வெளியே பந்தயப் பாதையின் வாசலில் போய் வரிசையில் நிற்கிறது. கட்டணத்தைக் கட்டி, பரிசோதகரிடம் வண்டியைக் காட்டி, தலைக்கவசம் மாட்டிக்கொண்டு விட்டால் யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். பல்செட் வைத்தியர் ஓட்டுகிறார். பள்ளிக்கூட வாத்தியாரம்மா ஓட்டுகிறார்.

இதற்கு டிராக் ரேஸ் என்று பெயர். வளைவும் கிடையாது, திருப்பமும் கிடையாது. நேர்கோடாக 1,320 அடி, அதாவது கால் மைல். நம் கணக்கில் 402 மீட்டர். பக்கத்தில் பக்கத்தில் இரண்டே வண்டிகள். விளக்கு எரிந்ததும் கிளம்ப வேண்டும். முதலில் கோட்டைத் தாண்டுகிறவருக்கு ஜயம். அவ்வளவுதான் பந்தயம். நீங்கள் ஒரு தும்மல் போட்டு, கைக்குட்டையைத் தேடி எடுத்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்வதற்குள் முடிந்துபோய்விடும்.

இந்த விளையாட்டுக்கென்றே எலும்பும் தோலுமாகச் செய்த ஒல்லி வண்டிகள் உண்டு. அவை இருக்கட்டும். எனக்கு அதிசயமாகப் படுவது, குடும்பம் முழுவதையும் ஏற்றிச் செல்லும் கனத்த எஸ்.யு.வி. வண்டிகள் இதில் இறங்கியிருப்பதுதான். 2018-ம் வருஷ மாடலாக ஜீப் கம்பெனியார் கிராண்ட் செரோக்கி டிராக்ஹாக் என்று ஒன்றை வெளியிட்டார்கள். எடை ஏறக்குறைய 2,400 கிலோ. சக்தியோ 707 குதிரை! நம்முடைய பழைய அம்பாஸடருக்குச் சுமார் 50 குதிரை சக்தி என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பாருங்கள்: பதினாலு அம்பாஸடர்களை ஒரே நுகத்தில் பூட்டின மாதிரி. நின்ற இடத்திலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தை எட்ட 3.5 விநாடி. கால் மைலைக் கடக்க 11.6 விநாடி, கடக்கும்போது மணிக்கு 116 மைல் வேகம். அந்த மாடலை 2021-க்குப் பிறகு நிறுத்திவிட்டார்கள். ஆனால் அதே 2021-ல் டாட்ஜ் கம்பெனியார் 710 குதிரை சக்தியோடு டுராங்கோ ஹெல்காட் என்று மற்றொன்றைக் கொண்டுவந்தார்கள். அதில் மூன்று வரிசை ஆசனம்! தாத்தா பாட்டியையும் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கால் மைலைப் பதினொன்றரை விநாடியில் தாண்டலாம். அவர்கள் சம்மதிப்பார்களா என்பது வேறு விஷயம்.

இத்தனை கனத்தை இத்தனை வேகத்தில் தள்ளுகிற ரகசியம் காற்றுதான். வீட்டில் பம்ப் ஸ்டவ் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? பம்ப் அடிக்க அடிக்க ஜ்வாலை சீறிக்கொண்டு எழும்பும். எஞ்சினின் தலையிலும் சூப்பர்சார்ஜர் என்று ஒரு காற்றடிக்கும் யந்திரத்தை வைத்திருக்கிறார்கள். எஞ்சின் சுற்றும்போது பெல்ட்டினால் அதுவும் சுற்றி, காற்றை உள்ளே அமுக்குகிறது. காற்று அதிகம் போனால் பெட்ரோலும் அதிகம் எரியும். அதிகம் எரிந்தால் அதிக சக்தி. தானாக உறிஞ்சிக்கொள்ளும் காற்று மட்டும் போதும் என்று இருக்கிற எஞ்சினுக்கும் இதற்கும் வித்தியாசம் அதுதான்.

கம்பெனிக்காரர் கொடுத்த 707 போதாது என்று நினைக்கும் ஆசாமிகள் இருக்கிறார்கள். (எதுதான் போதும் என்று தோன்றியிருக்கிறது மனிதனுக்கு?) அவர்கள் செய்கிற வேலைக்கு டியூனிங் என்று பெயர். வீணைக்குச் சுருதி கூட்டுவதைப் போல எஞ்சினுக்குச் சுருதி கூட்டுவது. முதல் காரியமாக, காற்றடிக்கும் யந்திரத்தின் பெல்ட் ஓடும் கப்பியை எடுத்துவிட்டுச் சின்னதாக ஒன்றைப் போடுகிறார்கள். கப்பி சிறியதானால் யந்திரம் வேகமாகச் சுற்றும். காற்று இன்னும் அழுத்தமாகப் போகும். காற்றுக்கு ஈடாகப் பெட்ரோலைக் கூட்ட வேண்டும். அதற்கு வண்டிக்குள் இருக்கிற கம்ப்யூட்டரின் கணக்குகளை மாற்றி எழுத வேண்டும். எந்த நிமிஷத்தில் எத்தனை பெட்ரோல், எந்தக் கணத்தில் தீப்பொறி என்று ஆயிரம் கணக்கு.

இங்கேதான் ஆபத்து. அழுத்தம் கூடினால் உஷ்ணமும் கூடும். தீப்பொறி வந்து பற்ற வைக்க வேண்டிய கலவை, உஷ்ணம் தாங்காமல் தாறுமாறாகத் தானே வெடித்துவிடும். வாணலி கனகனவென்று காய்ந்த பிறகு கடுகைப் போட்டால் என்ன ஆகிறது? முகத்திலே தெறிக்கிறது. எஞ்சினுக்குள் அப்படித் தெறித்தால் பிஸ்டன் ஓட்டையாகிவிடும். பல ஆயிரம் டாலர் ஒரு விநாடியில் புகையாகப் போய்விடும். புது வண்டிக்குக் கம்பெனியார் கொடுத்த உத்தரவாதமும், இப்படிக் கை வைத்ததனால் வந்த சேதத்துக்கு உதவாது. ஆகையால்தான் கெட்டிக்கார டியூனர்கள் பெட்ரோலுடன் எத்தனால் கலந்த எரிபொருளை நாடுகிறார்கள். அது உள்ளே ஆவியாகும்போது குளிர்ச்சி தரும். அவசரப்பட்டு வெடிக்கவும் வெடிக்காது. ஆனால் அளவு அதிகம் வேண்டும். பெட்ரோல் பீச்சும் குழாய்களையும் பெரிதாக்க வேண்டியிருக்கும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று!

சமையல் தெரிந்தவர்களுக்கு இந்த இடம் நன்றாக விளங்கும். ரசம் சரியாயில்லை என்று புளியையும் உப்பையும் பெருங்காயத்தையும் ஒரே சமயத்தில் கூட்டிவிட்டால், அடுத்த தடவை எதைக் குறைப்பது? பந்தயப் பாதையிலும் அதே விதி. ஒரு ஓட்டத்துக்கு ஒரு மாற்றம். ஓடி வந்ததும் கம்ப்யூட்டரில் பதிவான விவரங்களைப் படித்துப் பார்த்துவிட்டு, பிறகுதான் அடுத்தது. பொறுமையில்லாதவர்கள் நாலையும் ஒன்றாக மாற்றிவிட்டு, பணமும் செலவழித்து, முன்னைவிட மெதுவாக ஓடிவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்கள்.

டயரின் காற்றுக்கு இருக்கிற மகிமையைச் சொல்ல வேண்டும். பணம் கொட்டி ஐம்பது குதிரையைக் கூட்டுகிறவர், சல்லிக் காசு செலவில்லாமல் டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிப் பார்த்திருக்க மாட்டார். கிளம்பின முதல் 60 அடியில்தான் பந்தயத்தின் உயிர் இருக்கிறது. அங்கே மிச்சம் பிடித்த பத்தில் ஒரு விநாடி, கால் மைல் முடியும்போது அதைவிடப் பெரிதாக வளர்ந்திருக்கும். பின் சக்கரம் மட்டும் தள்ளுகிற வண்டிக்காரர்கள் தண்ணீர் தெளித்த இடத்தில் சக்கரத்தைச் சுழலவிட்டு, ஒரே புகை மண்டலமாக்கி, ரப்பரைச் சூடேற்றிக்கொள்கிறார்கள். நாலு சக்கரமும் தள்ளுகிற நம் குடும்ப வண்டியோ அந்தத் தண்ணீரைச் சுற்றிக்கொண்டு ஒதுங்கிப் போகிறது. புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றைத் தாண்டுகிற மாதிரி! கோட்டில் நின்றதும் இடது காலால் பிரேக்கை அழுத்தி, வலது காலால் பெட்ரோலை முழுதும் கொடுத்து, எஞ்சினை உறுமவிட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுக்க வேண்டியதுதான். நாலு சக்கரமும் தரையைக் கவ்விக்கொள்ளும். வழுக்காததனால் அந்த அதிர்ச்சி முழுவதும் வண்டியின் அடிவயிற்றிலுள்ள தண்டுகளிலும் பல்சக்கரங்களிலும் இறங்கும். சக்தியைக் கூட்டினவர்கள் அடுத்தபடி உடைந்த தண்டுகளை மாற்றிக்கொண்டிருப்பது இதனால்தான்.

ஒரு ஓட்டம் முடிந்ததும் எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும். உள்ளே போகிற காற்றும் சூடாகிவிடும்; சூடான காற்று லேசானது, அதில் பிராணவாயு குறைவு. உடனே ஓடினால் முன்னைவிட மெதுவாகத்தான் ஓடும். ஆகவே முன்மூடியைத் திறந்து வைத்து, பை பையாக ஐஸ் கட்டியை எஞ்சினின் மேல் அடுக்குகிறார்கள். ஜுரம் வந்த குழந்தையின் நெற்றியில் ஈரத் துணி போடுகிற அதே பரிவுடன்! வெயில் சாய்ந்த பிறகு வேகம் கூடுவதும் இதனால்தான். டென்வர் நகரத்துக்கு அருகே மலைச்சரிவில் பாண்டிமேர் என்றொரு பந்தயப் பாதை 1958 முதல் 2023 வரை இருந்தது. கடல் மட்டத்துக்கு மேல் 5,800 அடி உயரம். அங்கே காற்று மெல்லியது என்பதால், கீழே பாய்ந்த வண்டிகள் எல்லாம் அங்கே சற்று மூச்சு வாங்கின.

"இதெல்லாம் சரி, இப்படிப் பறப்பதில் என்ன லாபம்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. இந்தப் பந்தயப் பாதைகள் ஏன் வந்தன என்று பார்த்தால் கொஞ்சம் பதில் கிடைக்கும். இரண்டாவது உலக மகாயுத்தம் முடிந்து வீடு திரும்பிய கலிபோர்னியா வாலிபர்கள் பழைய கார்களை முடுக்கிவிட்டு, ராத்திரி வேளையில் தெருக்களிலேயே பந்தயம் ஓடினார்கள். தெருவில் பிறரும் நடக்கிறார்களே! 1950-ல் சாண்டா ஆனா என்ற ஊரின் விமான ஓடுபாதையில் காசு வாங்கிக்கொண்டு முறையாகப் பந்தயம் நடத்த ஆரம்பித்தார்கள். (நம் சோழவரத்திலும் யுத்தகால விமான ஓடுபாதைதானே பிற்பாடு மோட்டார் பந்தய மைதானமாயிற்று!) 1951-ல் வாலி பார்க்ஸ் என்ற பத்திரிகை ஆசிரியர், சட்டதிட்டங்கள் வகுப்பதற்காகத் தேசிய ஹாட் ராட் சங்கத்தை ஆரம்பித்தார். 1953-ல் அந்தச் சங்கத்தின் முதல் பந்தயம் பொமோனா என்ற ஊரில் அங்குள்ள போலீஸாரின் ஒத்தாசையோடேயே நடந்தது. துரத்திப் பிடிக்க வேண்டியவர்களே வந்து துணை நின்றார்கள்.

தெருவில் ஓட்டிக் கற்றுக்கொண்டவர்களில் ஒரு பெண்ணும் உண்டு. ஷர்லி மல்டௌனி. 1940-ல் பிறந்தவர். பதினாறு வயதில் கல்யாணம். கணவர் மெக்கானிக், மனைவியின் ஆசையைப் பார்த்துவிட்டு அவரே பந்தய வண்டி கட்டிக் கொடுத்தார். (இப்படியும் புருஷர்கள்!) ஒல்லி வண்டிகளில் உச்ச வகுப்பான டாப் ஃபியூல் வகுப்பில் ஓட்ட 1973-ல் லைசென்ஸ் வாங்கினார், அந்த வகுப்புக்கு லைசென்ஸ் பெற்ற முதல் பெண் அவர்தான். "அடுப்பங்கரையை விட்டுவிட்டு இங்கே என்ன வேலை?" என்கிற பார்வையை அவர் சந்திக்காத மைதானம் இல்லை. பதிலாக வண்டிக்கு ரோஜா வர்ணம் அடித்தார். 1977, 1980, 1982 என்று மூன்று தடவை சாம்பியன் பட்டம் வாங்கினார். அந்த வகுப்பில் மூன்று பட்டம் அதுவரை எந்த ஆண்பிள்ளைக்கும் கிட்டவில்லை. 1983-ல் அவருடைய கதையை சினிமாவாகவும் எடுத்தார்கள்.

அடுத்த வருஷமே, கனடாவில் மாண்ட்ரீலுக்கு அருகே ஓடும்போது முன் டயர் பழுதாகி, வண்டி பாதையை விட்டுச் சிதறியது. கால்கள் இரண்டும் நொறுங்கின. தொடர்ந்து பல ஆபரேஷன்கள். இனி நடப்பாரா என்பதே சந்தேகமாயிருந்த நிலையில் 1986-ல் திரும்பி வந்து மறுபடி ஓட்டினார்; 2003 வரையில் ஓட்டினார். இதைத் தைரியம் என்பதா, பிடிவாதம் என்பதா? எனக்கென்னவோ இரண்டும் ஒன்றாகவே தோன்றுகின்றன.

1977-ல் அவருடைய வண்டியைச் சுருதி கூட்டிக் கொடுத்தவர் கானி கலிட்டா. அந்தக் கலிட்டாவின் மகன் ஸ்காட், 2008 ஜூன் மாதம் நியூஜெர்ஸியில் தகுதிச் சுற்று ஓட்டத்தின்போது எஞ்சின் வெடித்து, நிற்க முடியாமல் பாதையின் கோடிக்கும் அப்பால் போய் மோதி இறந்தார். அதற்குப் பிறகுதான் அதிவேக வகுப்புகளுக்குக் கால் மைலை 1,000 அடியாகக் குறைத்தார்கள். நிற்பதற்கு இடம் அதிகம் வேண்டும் என்பது ஒரு தகப்பனுக்கு அந்த விலையில் தெரிந்தது. 13.99 விநாடியோ அதற்கும் குறைவோ ஓடுகிற எந்த வண்டியிலும் தலைக்கவசம் கட்டாயம் என்று சங்கம் விதித்திருப்பதைச் சில பேர் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

வேகம் ஒன்றுதான் எல்லாம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். பச்சை விளக்கு எரிந்த பிறகு, சக்கரம் கோட்டை விட்டு நகர்ந்தால்தான் வண்டியின் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். ஒருவர் 0.30 விநாடி தாமதித்து, 11.60-ல் ஓடினால் கூட்டுத்தொகை 11.90. மற்றவர் 0.05-ல் கிளம்பி, 11.80-ல் ஓடினால் 11.85. மெதுவாக ஓடினவருக்கு வெற்றி! கவனமாயிருந்தவருக்கு என்று சொல்ல வேண்டும்.

இன்னொரு வகைப் பந்தயத்தில், ஓடப் போகிற நேரத்தை அவரவரே முன்கூட்டி வண்டிக் கண்ணாடியில் எழுதிவிட வேண்டும். 11.60 என்று எழுதினவரும் 15.00 என்று எழுதினவரும் மோதினால், மெதுவான வண்டியை 3.40 விநாடி முன்னால் விட்டுவிடுவார்கள். நல்லதுதானே என்று நேரத்தை அதிகமாக எழுதி ஏமாற்ற முடியாது. எழுதினதைவிட வேகமாக ஓடினால் தோல்வி! பாட்டியின் பழைய காரும் 707 குதிரையும் சமமாக மோதுவது இங்கேதான். இருபது பேருக்கு எத்தனை படி அரிசி என்று கண்ணாலேயே கணக்கிடுகிற நம் வீட்டுப் பெண்மணிகளை இந்தப் பந்தயத்தில் விட்டால், மற்றவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

ஓடி முடித்தவர்கள் பக்கத்துப் பாதை வழியாக மெதுவாகத் திரும்பி வருகிறார்கள். வழியில் ஒரு சின்னக் கூண்டு. அதிலிருந்து கையை நீட்டி ஒரு துண்டுக் காகிதம் கொடுக்கிறார்கள். கிளம்பின நேரம், 60 அடி நேரம், பாதித் தூரம், முழுத் தூரம், கடைசி வேகம் எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். விளக்கு வெளிச்சத்தில் அதை நாலு தடவை படித்துவிட்டு, டயரில் மறுபடி காற்றடித்து, உருகின ஐஸைத் துடைத்துவிட்டு, கழற்றி வைத்திருந்த குழந்தையின் ஆசனத்தைப் பின் வரிசையில் பொருத்திக்கொண்டு வீட்டுக்குப் புறப்படுகிறார்கள். போகிற வழியில் பால் வாங்க வேண்டுமாம்.