பேரனின் 2,316 முயற்சிகள்

மாலை நடையில் நாங்கள் நாலு கிழவர்கள் சேர்ந்தால் பேச்சு ஒன்றுதான்: "செல்போனால் பிள்ளைகள் கெட்டுப்போச்சு." போன மே மாதம் வரை நானும் அதே கட்சி. இப்போது இல்லை.

ஒன்பதாம் வகுப்பு முடித்த பேரன் விடுமுறைக்கு இராமநாதபுரம் வந்திருந்தான். எப்போதும் கையில் 'ஜியாமெட்ரி டேஷ்'. 2013-இல் வந்த விளையாட்டு. உருவாக்கியவர் ஸ்வீடன்காரர் ராபர்ட் டோபாலா. பாட்டின் தாளத்துக்கு ஒரு சின்னச் சதுரம் தாவித் தாவி ஓடும். சில இடங்களில் அது குட்டி விமானத்தில் ஏறிக்கொள்ளும். விரலை அழுத்தினால் மேலே, எடுத்தால் கீழே. கேட்க எளிது. ஆனால் மேலும் கீழும் முள், நடுவில் குறுகலான சந்து. அதில் நேராகப் பறக்க, விரல் பட்டும் படாமலும் விட்டுவிட்டுத் தட்ட வேண்டும். முள் பட்டால் முதலிலிருந்து.

ஒரு ராத்திரி "போதும்டா" என்று பிடுங்கிவிட்டேன். அப்போது 94 சதவீதம் கடந்திருந்தானாம். கத்தவில்லை, கண் கலங்கியது. அந்த லெவலின் கணக்கைத் திறந்து காட்டினான். மொத்த முயற்சிகள் 2,316.

மறுநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பயிற்சி முறை என்று ஒன்று இருக்கிறது. விழும் இடத்துக்குச் சற்று முன்னால் அடையாளம் நட்டு, அந்தச் சந்தை மட்டும் திரும்பத் திரும்பப் பறந்தான். எங்கே அவசரப்பட்டான் என்று அவனே சொன்னான்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். 'திக்தே' என்றால் வாத்தியார் வாசிப்பார், நாங்கள் எழுதுவோம். பிழைக்குப் பிழை மதிப்பெண் போகும்; பல நாள் எனக்குப் பூஜ்யம். முழுவதையும் மறுபடி எழுத வேண்டும். அதற்கு ஒழுக்கம் என்று பெயர். குமாஸ்தாவான பின், தட்டச்சில் ஒரு எண் தவறினால் கார்பன் பிரதிகளோடு கிழித்துவிட்டுப் புதிதாக அடித்தேன். அதற்குத் திறமை என்று பெயர். பேரன் செய்தால் மட்டும் வெட்டி வேலையா?

இது கலாம் பிறந்த மாவட்டம். 1979 ஆகஸ்டில் அவர் திட்ட இயக்குநராக இருந்து ஏவிய எஸ்.எல்.வி-3 கடலில் விழுந்தது. 1980 ஜூலையில் வென்றது. பள்ளி விழாக்களில் இதைச் சொல்லிக் கைதட்டு வாங்குகிறோம். வீட்டுப் பிள்ளை விழுந்து எழுந்தால் பிடுங்குகிறோம்.

விளையாட்டு ராக்கெட் ஆகாது, தெரியும். கண்ணும் தூக்கமும் படிப்பும் முக்கியம். நாளுக்கு ஒரு மணி நேரம் என்று நானே வரம்பு வைத்தேன். ஆனால் நேரத்தைக் குறைப்பது வேறு, உழைப்பை இகழ்வது வேறு. நாம் மட்டும் என்ன? வாட்ஸ்அப்பில் காலை வணக்கப் பூக்களை மணிக்கணக்காகத் தள்ளுகிறோம். அதில் ஒரு நாளாவது தோற்றிருக்கிறோமா, எதையாவது கற்றிருக்கிறோமா?

ஊருக்குப் போனவன் ஞாயிறன்று பேசினான். "97 தாத்தா!" இன்னும் முடிக்கவில்லை. முடிப்பான்.

நண்பர்களே, அடுத்த முறை பிடுங்குமுன் பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.